எழுதிக் கொடுத்த வயசு

கரமனை,
கொல்லம் 1111 கன்னி 12
(28-9-1935)

சிரஞ்சீவி ஸ்ரீகண்டனுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

நீ போனக்காட்டுக்கு ஏறிப்போய் மூன்று மாசம் முடிந்துவிட்டது. மூன்று மாசத்தில் இரண்டு கார்டு. இரண்டிலும் ‘சுகம்’ என்று ஒரே வார்த்தை. தேயிலையை நிறுத்துப் போடுகிற குமாஸ்தா வேலையில் வார்த்தையையும் நிறுத்துத்தான் போடவேண்டுமோ என்று உன் அம்மா கேட்கிறாள். கேட்டது நான்தான். என் பேரில் எழுதினால் நீ பதில் போடமாட்டாய் என்று அவள் தலையில் கட்டியிருக்கிறேன்.

இங்கே எனக்கு ஒரு பதவி வந்திருக்கிறது. சிரிக்காதே. எக்சைஸ் ஆபீசில் பதினெட்டு வருஷமாய் நகல் எழுதிக்கொண்டிருந்தவனைத் தூக்கி, சர்க்கார் நியமித்த ஒரு கமிட்டிக்கு எழுத்தனாகப் போட்டிருக்கிறார்கள். எந்த வயசிலிருந்து ஒருவனுக்குச் சாராயக்கடையில் ஊற்றிக் கொடுக்கலாம் என்று தீர்மானிக்கிற கமிட்டி. இதுவரை கடைக்காரனுடைய மனசுதான் கணக்கு. கடைப் பலகைமேல் கை எட்டினால் பல பேருக்கு மனசு வந்துவிடுகிறது.

சாட்சி சொல்ல வருகிறவர்கள் ஒவ்வொருத்தரும் ஒரு தினுசு. ஒரு வக்கீல், பதினாறு வயசில் கல்யாணம் பண்ணிக்கொள்கிறவன் ஒரு கிளாஸ் குடித்தால் என்ன கெட்டுப்போகும் என்றார். பெண்கள் பள்ளிக்கூடத்து ரத்னாபாய் டீச்சர் இருபத்தொன்றுக்கு ஒரு நாள்கூடக் குறைக்கக்கூடாது என்று மேஜையைத் தட்டியதில் என் மைக்கூடு கவிழ்ந்தது. டாக்டர் பதினெட்டு என்றார். தெற்கேயிருந்து வந்த ஒரு கடைக்காரர் சொன்னதுதான் தமாஷ். கடை நிலைப்படியில் ஒரு கோடு போட்டுவிடுங்கள், தலை கோட்டைத் தாண்டினவனுக்கு ஊற்றுகிறோம், தாண்டாதவனை விரட்டுகிறோம் என்றார். கமிட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். எழுதுகிறவன் சிரிக்கக்கூடாது, ஆனாலும் வந்துவிட்டது.

அப்புறம் அவர்களுக்குள் தர்க்கம். வயசு எதுவானாலும் சரி, ஒருவனுடைய வயசைக் கடைக்காரன் எப்படித் தெரிந்துகொள்வது? அரைமணி நேரம் ஒருத்தருக்கும் வழி தோன்றவில்லை. நாலாம் ஃபாரத்தோடு நின்ற உன் அப்பா எழுந்து நின்று, "பள்ளிக்கூட சர்ட்டிபிகேட் இருக்கே சார்" என்றேன். தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சரிதான், படிக்காதவனுக்கு வேலை செய்கிற இடத்து ரெஜிஸ்டர். எழுதிக்கொள்ளும்" என்றார். என் யோசனையை என் கையாலேயே எழுதிக்கொண்டேன். அன்று ஆத்துக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தேன்.

உன்னைத் தன் குவார்ட்டர்சில் தங்க வைத்திருக்கிற எஸ்டேட் கம்பவுண்டர் யோசுவா, வயசை இருபத்தொன்றாக்கச் சொல்லி ஒரு மகஜர் அனுப்பியிருக்கிறார். அறுபத்திரண்டு கையெழுத்து. உன் பேரைத் தேடினேன். இல்லை. ஏன்?

அம்மா நார்த்தங்காய் அனுப்பியிருக்கிறாள்.

அப்பா

* * *

போனக்காடு,
9 அக்டோபர் 1935

அப்பாவுக்கு நமஸ்காரம்.

கடிதமும் நார்த்தங்காயும் கிடைத்தன.

மழை விடவில்லை. தணுப்பு ஜாஸ்தி. காலையில் ஆறு மணிக்குத் தராசடியில் நிற்கவேண்டும். கொழுந்துக் கூடைகளை நிறுத்துப் பேர் எழுதவேண்டும். அட்டை கடித்த இடம் இரண்டு நாள் அரிக்கிறது. ஜோலி அவ்வளவுதான்.

மகஜரைப் பற்றிக் கேட்டீர்கள். யோசுவா கொண்டுவந்தார். பேருக்கு எதிரே வயசு எழுதவேண்டும், பதினெட்டு முடிந்தவர்கள் மட்டும் போடலாம் என்றார். நான் பேனாவை வாங்கிவிட்டேன். எந்த வயசை எழுதுவது என்று தெரியவில்லை. பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேறே காரணம் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை வேலை அரைநாள். மத்தியானமே மற்ற குமாஸ்தாக்கள் மலையிறங்கிப் போகிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள்.

சுகம்.

ஸ்ரீகண்டன்

* * *

கரமனை,
கொல்லம் 1111 துலாம் 10
(27-10-1935)

சிரஞ்சீவி ஸ்ரீகண்டனுக்கு ஆசீர்வாதம்.

குளிர் என்று எழுதத் தமிழ் மறந்து ‘தணுப்பு’ என்று எழுதியிருக்கிறாய். மறந்தால் போகிறது, எழுதினாயே. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அட்டை கடித்ததை விட்டுவிட்டேன். அதற்குப் பதில் தேயிலைப் பூ வெள்ளையாய் இருக்கும் என்று நானே ஒரு வரி சேர்த்து வாசித்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாதது எனக்கு எத்தனையோ விதத்தில் சௌகரியம்.

நீ பேனாவைத் திருப்பிக் கொடுத்த சமாசாரத்தை மட்டும் நான் நாலு தரம் படித்தேன். அந்த விஷயத்தை உன்னிடம் நான் ஒருநாளும் முழுசாய்ச் சொன்னதில்லை.

நீ பிறந்தது 1094 மகரத்தில், ரோகிணி. ஜாதகம் பெட்டியில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது உனக்கு ஆறு வயசு. நம் தெருவில் எல்லோரும் பிள்ளைகளுக்கு ஒன்று இரண்டு குறைத்து எழுதினார்கள். சர்க்கார் உத்தியோகத்தில் இரண்டு வருஷம் கூட உட்காரலாம் என்று கணக்கு. நான் ஒருத்தன்தான் கூட்டி எழுதினேன். ஆறை எட்டாக்கினேன். நீ நன்றாய் வாசிப்பாய், ஹெட்மாஸ்டர் மூன்றாம் வகுப்பில் தூக்கிப் போட்டுவிட்டார்.

ஏன் கூட்டினேன் தெரியுமா? அந்த வருஷம் எனக்கு நெஞ்சில் ஒரு வலி வந்துகொண்டிருந்தது. நான் ரொம்ப நாள் இருக்கமாட்டேன் என்று தீர்மானம் பண்ணிவிட்டேன். நீ சீக்கிரம் படித்து, சீக்கிரம் ஒரு வேலையில் உட்கார்ந்துவிட்டால் அம்மாவும் உன் தங்கை சூடாமணியும் நடுத்தெருவில் நிற்கமாட்டார்கள் என்று நினைத்தேன். பத்து வருஷமாகியும் நான் போகவில்லை. அது வெறும் வாயு என்று அடுத்த வருஷமே வைத்தியர் சொல்லிவிட்டார். பெருங்காயம் சாப்பிடச் சொன்னார். வலி போயிற்று. நான் எழுதிக் கொடுத்த இரண்டு வருஷம் போகவில்லை. பதினாறு வயசுப் பிள்ளையைப் பதினெட்டு என்று சொல்லி மலைக்கு அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று. யோசுவா எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறார். ‘உங்கள் மகனுக்காக ஜெபித்து வருகிறேன்’ என்று ஒரே வரி. நம்மாத்தில் காய்ச்சல் கண்டால்தான் இப்படி யாராவது எழுதுவார்கள். உனக்கு என்ன?

அப்பா

* * *

போனக்காடு,
8 நவம்பர் 1935

அப்பாவுக்கு நமஸ்காரம்.

காய்ச்சல் இல்லை.

நான் சொல்வதை அம்மாவுக்கு வாசிக்கவேண்டாம். நீங்களே ஏதாவது எழுதி வாசியுங்கள்.

மலையடியில் நயினார் என்றொருவர் சாராயக்கடை வைத்திருக்கிறார். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மற்றவர்களோடு போனேன். எனக்கு நேரே கிளாஸ் வரும்போது நயினார் கையை நிறுத்தி, "தம்பிக்கு வயசு என்ன?" என்று கேட்டார். நான் பதினாறு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஹெட் கிளார்க், "இவன் ஜோலியில் சேர்ந்த பேப்பரை நான்தான் ஃபைல் பண்ணினேன், பதினெட்டு, குடிக்காமலிருக்கக் கள்ளம் பறையுது" என்றார். நயினார் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு ஊற்றிவிட்டார்.

அன்று நான் உண்மையைத்தான் சொன்னேன் அப்பா. ஒருத்தரும் நம்பவில்லை. நீங்கள் எழுதினதை நம்பினார்கள்.

பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். என்னோடு படித்தவர்கள் எல்லோரும் என்னைவிட ஒரு தலை உயரம். பந்து விளையாட எடுக்கமாட்டார்கள். எட்டு வயசாகியும் இப்படி அழுகிறாயே என்று சார் கேட்பார். எனக்கு ஆறு என்று நான் சொல்லக்கூடாது என்று வாசலில் வைத்து நீங்கள் சொல்லிக் கொடுத்திருந்தீர்கள். நான் சொல்லவேயில்லை. மீசை வைத்தவர்களோடு உட்கார்ந்து பரீட்சை எழுதினேன். எனக்குக் குரல் உடைந்ததே பாசான பிறகுதான்.

இப்போது எல்லாச் சனிக்கிழமையும் போகிறேன். புதன்கிழமையும். முதலில் பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் அவர்கள் கூப்பிடும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. கூப்பிடாத நாளும் கால் இறங்குகிறது. யோசுவா ஒன்றும் திட்டுவதில்லை. கஞ்சி வைத்துவிட்டு எனக்காக உட்கார்ந்திருப்பார். அது திட்டுவதைவிடக் கஷ்டம்.

உங்கள் கமிட்டி பதினெட்டு என்று வைக்கும்போலிருக்கிறது என்று யோசுவா சொன்னார். அது வரும்போது என்னைப் பதினாறு ஆக்கிவிடுங்கள். ஜாதகத்தைக் காட்டுங்கள். பேப்பரில் பதினாறு என்று வந்தால் நயினார் ஊற்றமாட்டார். துரையும் என்னைக் கீழே அனுப்பிவிடுவார். எனக்குச் சொல்லத் தெரியாததைச் சட்டம் சொல்லட்டும்.

ஸ்ரீகண்டன்

* * *

கரமனை,
கொல்லம் 1111 விருச்சிகம் 20
(6-12-1935)

என் கண்ணே ஸ்ரீகண்டா,

உன் கடிதம் வந்து பதில் எழுத நாலு வாரம் ஆகிவிட்டது. சும்மா இருக்கவில்லை. சும்மா இருந்திருந்தாலும் இவ்வளவுதான் நடந்திருக்கும், அது வேறு விஷயம்.

முதல் வாரம் மனு எழுதினேன். ஊராருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறவன் எனக்கு ஒன்று எழுத ஏழு காகிதம் கிழித்தேன். ‘மேற்படி சிறுவனின் வயதைத் தகப்பனாராகிய நான் தவறுதலாக’ என்று ஆரம்பிப்பேன். தவறுதல் இல்லையே, தெரிந்து செய்தது. கிழிப்பேன். கடைசியில் ‘அறிந்தே’ என்று எழுதினேன். பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஹெட்மாஸ்டர் புதியவர். நல்ல மனுஷன், காப்பி வாங்கிக் கொடுத்தார். படித்து முடித்துப் போன பையனுடைய பதிவை நான் தொடமுடியாது, மேலே எழுதுங்கள் என்றார். மேலே என்றால் என் ஆபீஸ் வழியாகத்தான் போகவேண்டும். நான் சர்க்கார் ஊழியன்.

எங்கள் சூப்பிரண்டு வெங்கடகிருஷ்ணனை உனக்குத் தெரியும். நவராத்திரிக்கு வந்து சுண்டல் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாரே, அவர்தான். மனுவை வாங்கிப் படித்தார். ஜாதகத்தை விரித்துப் பார்த்தார். "ரோகிணியா, நல்ல நட்சத்திரம்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஓய் கல்யாணராமன், பத்து வருஷம் முன்னாடி ஒரு காகிதத்தில் எட்டுன்னு கையெழுத்துப் போட்டீர். இப்போ அது பொய்னு ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடறீர். இரண்டுலே எதை நம்பறது?" என்று கேட்டார்.

"இரண்டாவதை" என்றேன்.

"முதலில் பொய் எழுதினவன்தானே இரண்டாவதையும் எழுதியிருக்கான்?"

அந்த ஆளை எனக்கும் நன்றாய்த் தெரியும். நானும் அவனை நம்பமாட்டேன்.

அவர் கோபமாய்ச் சொல்லவில்லை. ஜாதகம் ஆதாரம் ஆகாது, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எழுதி வாங்கலாம், மேலே போனால் இதைத்தான் சொல்லுவார்கள், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, உமக்கு விசாரணைதான் வரும் என்று விளக்கினார். அனுப்புங்கோ என்றேன். மனுவை மேஜைமேல் வைத்து அதன்மேல் ஒரு கண்ணாடிக் குண்டை வைத்தார். நல்லதுக்குத்தான் அனுப்பாமல் வைத்திருக்கிறேன் என்று தினம் என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார். மூன்று வாரமாய் அந்தக் குண்டுக்குக் கீழே என் கையெழுத்து பெரிசாய்த் தெரிந்துகொண்டிருக்கிறது.

கமிட்டி போன திங்கட்கிழமை முடிந்தது. பதினெட்டுதான். ரத்னாபாய் டீச்சர் அழுதுவிட்டார். யோசுவாவின் மகஜரை இணைப்பு ஒன்பதாகச் சேர்த்தாயிற்று. வயசுக்கு ஆதாரம் என்ன என்கிற பாராவை நான் நகல் எடுக்கும்போது, கையை ஒருதரம் உயர்த்தி, தலைவரிடம், "சார், சர்ட்டிபிகேட்டிலும் சில சமயம் தப்பு இருக்கும்" என்றேன். அவர் சிரித்தார். "உம்முடைய யோசனைதானே ஐயா அது. இந்த அறிக்கையிலேயே எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம்" என்றார்.

சட்டத்தை நம்பவேண்டாம் ஸ்ரீகண்டா. அதை எழுதினவனை எனக்குத் தெரியும். வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நீ புறப்பட்டு வந்துவிடு. வருகிற சனிக்கிழமை, 14ந் தேதி, மத்தியானம் மலையடியிலிருந்து மூன்று மணிக்கு பஸ் இருக்கிறது. இங்கே ஆறு மணிக்கு நான் நிற்கிறேன். அம்மாவிடம் லீவில் வருகிறாய் என்று சொல்லியிருக்கிறேன். காலையிலிருந்து சேப்பங்கிழங்கு வாங்கிக்கொண்டு வா என்று என்னைத் துரத்துகிறாள்.

அப்பா

* * *

போனக்காடு,
16 டிசம்பர் 1935

அப்பாவுக்கு நமஸ்காரம்.

சனிக்கிழமை நான் புறப்பட்டேன். இதை நீங்கள் நம்பவேண்டும். பெட்டியைக் கட்டி, யோசுவாவிடம் சொல்லிக்கொண்டு, பன்னிரண்டு மணிக்கு இறங்கினேன். அவர் கூடவே வருகிறேன் என்றார். அன்று ஆஸ்பத்திரியில் ஒரு பிரசவம், வரமுடியவில்லை.

பஸ் மூன்று மணிக்கு. நான் ஒரு மணிக்கே வந்துவிட்டேன்.

பஸ் நிற்கிற இடம் நயினாருடைய கடைக்கு எதிரே.

அம்மாவிடம் என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். அதையே நானும் சொல்லிக்கொள்கிறேன்.

ஸ்ரீகண்டன்

* * *

கரமனை,
கொல்லம் 1111 தனு 15
(30-12-1935)

சிரஞ்சீவி ஸ்ரீகண்டனுக்கு ஆசீர்வாதம்.

அன்றைக்கு ஆறு மணி பஸ்சையும் பார்த்தேன், அதற்கப்புறம் வந்த இரண்டு பஸ்சையும் பார்த்தேன். கடைசி பஸ்சிலிருந்து ஒரு ஆடு இறங்கிற்று. அம்மாவிடம் துரை லீவு கொடுக்கவில்லை என்று சொன்னேன். அவள் துரையைத் திட்டிக்கொண்டே சேப்பங்கிழங்கு ரோஸ்டைப் பாத்திரத்தில் மாற்றினாள். பாவம், அந்தத் துரைக்கு ஒன்றுமே தெரியாது.

முந்தாநாள் சனிக்கிழமை நான் வந்திருந்தேன். யோசுவா சொல்லியிருப்பார். சொல்லாவிட்டால் நானே சொல்லிவிடுகிறேன்.

காலை பஸ்சில் ஏறினேன். உன்னை மேலேயே பிடித்து அழைத்து வந்துவிடுவது என்று திட்டம். பஸ் வழியில் மூன்று இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. மலையடியில் இறங்கும்போது மணி இரண்டு. மேலே போக வழி கேட்கலாம் என்று எதிரேயிருந்த கடைக்குப் போனேன். பின்பக்கம் ஒரு பெஞ்சு. அதில் நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.

நான் எழுப்பவில்லை. எழுப்பிப் பார்த்தேன், நீ எழுந்திருக்கவில்லை என்பதுதான் சரி. பக்கத்தில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்துகொண்டு, இரண்டு கையையும் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு தூங்குகிறாய், கரமனையில் தூங்குகிற மாதிரியே. மேலுதட்டில் மீசைகூடச் சரியாக வரவில்லை. ஸ்ரீகண்டா, எந்தக் குருடனும் உன்னைப் பதினெட்டு என்று சொல்லமாட்டான்.

நயினார் வந்து எதிரே நின்றார். வயசானவர். தோளில் போட்டிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நான் யாரென்று சொன்னேன். ஜாதகத்தை எடுத்துக் காட்டினேன்.

"இத எதுக்குக் காட்டுகீங்க சாமி? முப்பது வருசமா மூஞ்சியப் பாத்துத்தான் ஊத்துதேன். இது பிஞ்சுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

தெரிந்தும் ஏன் கொடுத்தீர் என்றேன்.

"மொத நாள் கைய நிறுத்தினேன். பேப்பர்ல பதினெட்டுன்னானுவ. இப்ப சட்டமும் பேப்பரத்தான் கேக்கப் போகுதாமே. நெலப்படியில ஒரு கோடு போட்டுக் குடுங்கன்னு எங்காளு ஒருத்தரு திருவனந்தபுரத்துல வந்து சொன்னாரு. நீங்கல்லாம் சிரிச்சீங்களாம். கோடு இருந்தா ஒங்க பிள்ள தல எட்டாது சாமி."

நான் அந்த நிலைப்படியைப் பார்த்தேன். நல்ல தேக்கு. கோடு போட வசதியான மரம்.

இனிமேல் கொடுக்காதேயும், உம்மைக் கெஞ்சிக் கேட்கிறேன் என்றேன். அவர் பெஞ்சின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தார். நடுவில் நீ. நான் நிறுத்தலாம், இன்றைக்கே நிறுத்தலாம், ஆனால் இவன் காட்டுக்குள் போவான் என்றார். அங்கே கள்ளத்தனமாய்க் காய்ச்சுகிறவன் பேப்பரும் கேட்கமாட்டான், மூஞ்சியும் பார்க்கமாட்டான், போன மாசம் அதைக் குடித்த இரண்டு கூலியாட்களுக்குக் கண் போயிற்று என்றார்.

"எங்கிட்ட குடிச்சா தலவலியோட போகும். நீங்க படிச்சவங்க. எங்க குடிக்கட்டும், சொல்லுங்க" என்றார்.

எழுபத்தொரு சாட்சிகளை எழுதினேன். அந்தக் கேள்வியை ஒருத்தர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலையாவது நகல் எடுத்து வைத்திருப்பேன்.

கடைசியில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு கிளாசுக்கு மேலே கொடுக்காதேயும்" என்றேன். அவர் சரி சாமி என்று உன் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினார். பெற்ற பிள்ளைக்குச் சாராயம் அளந்துவிட்டு வந்த தகப்பன் நம் தெருவில் நான் ஒருத்தன்தான் இருப்பேன். வயசைக் கூட்டி எழுதினவனும் நான் ஒருத்தன்தான். இரண்டிலும் முதல் பரிசு.

மூன்று மணி பஸ்சில் உன்னை ஏற்ற நானும் நயினாரும் தூக்கினோம். குடித்தவனை ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டான். அவன் சொல்வதும் நியாயம், பெண்டுபிள்ளைகள் ஏறியிருந்தார்கள். பஸ் போய்விட்டது. அப்புறம் உன்னைத் தேடிக்கொண்டு யோசுவா வந்தார். தேயிலைப் பெட்டி இறக்கிவிட்டு வந்த லாரியில் உன்னைப் படுக்கவைத்தார். நானும் வருகிறேன் என்று ஏறினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இறங்குங்க ஐயரே. முழிக்கும்போது உங்க மொகத்தப் பாத்தான்னா அப்புறம் என் வீட்டுக்கும் வரமாட்டான்" என்றார். இறங்கினேன். எனக்கு யார் என்ன சொன்னாலும் சரியென்று தோன்றுகிறது. அதுதான் என் வியாதி. உனக்கும் என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது.

உன் சட்டைப்பையில் ஜாதகத்தை வைத்திருக்கிறேன்.

அப்பா

* * *

போனக்காடு,
21 ஜனவரி 1936

அப்பாவுக்கு நமஸ்காரம்.

ஜாதகம் இருக்கிறது. நனையாமல் யோசுவாவின் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

நயினார் சொன்ன வாக்குப்படி ஒரு கிளாஸ் ஊற்றிவிட்டுக் குப்பியைத் தக்கை போட்டு மூடிவிட்டார். எல்லோருக்கும் எதிரே, "அப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு, அவ்வளவுதான் தம்பி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஹெட் கிளார்க் என்னைக் குஞ்சு என்று கூப்பிடுகிறார். இப்போது எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அந்த ஒன்றைக் குடித்தேன். பிறகு எழுந்து காட்டுக்குப் போனேன். வழி எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு கிழவி ஊற்றுகிறாள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. மூன்று தரம் போயிருக்கிறேன். மூன்றாவது தரம் மறுநாள் மத்தியானம் வரை தராசின் முள் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

யோசுவா பொய் சொல்லாதே, அப்பாவுக்கு எழுது என்றார். எழுதிவிட்டேன்.

நீங்கள் வந்தபோது நான் தூங்கவில்லை. கொஞ்ச நேரம் முழித்துத்தான் இருந்தேன். கண்ணைத் திறக்க முடியவில்லை.

ஸ்ரீகண்டன்

* * *

கரமனை,
கொல்லம் 1111 மகரம் 20
(3-2-1936)

என் கண்ணே ஸ்ரீகண்டா,

இன்று ரோகிணி. உனக்குப் பதினேழு பிறந்துவிட்டது. அம்மா விளக்கேற்றிப் பாயசம் வைத்தாள். உன் பங்கைச் சூடாமணி சாப்பிட்டாள். துரை இந்த மாசமாவது லீவு கொடுப்பானா என்று அம்மா கேட்டாள். கொடுப்பான் என்றேன்.

இன்றைக்கே சட்டமும் அச்சாகி வந்தது. சூப்பிரண்டு எனக்கென்று ஒரு பிரதி கொடுத்தார். பதினெட்டு வயசுக்குக் குறைந்த எவருக்கும் ஊற்றக்கூடாது. மூன்றாவது பாராவில் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட், அல்லது வேலை செய்யும் இடத்து ரெஜிஸ்டர். நான் சொன்னது அப்படியே இருக்கிறது. கண்ணாடிக் குண்டுக்கு அடியிலிருந்த மனுவை எடுத்து அவர் என் கையில் திருப்பிக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

உன் கடிதத்தை ஒருத்தருக்கும் வாசிக்கவில்லை. எனக்கே வாசித்துக்கொள்ளும்போது, அந்தத் தராசின் முள் வரியை மாற்றி வாசிக்கப் பார்த்தேன். வரவில்லை.

நயினாருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். என் தொழில் நகல் எடுப்பது, ஆகையால் உனக்கும் ஒரு நகல்:

‘நயினார் அவர்களுக்கு கல்யாணராமன் எழுதியது. ஒரு கிளாஸ் என்று நான் சொன்னதை இத்துடன் ரத்து செய்கிறேன். பிள்ளை எவ்வளவு கேட்டாலும் உம்முடைய கடையிலேயே கொடுக்கவும். காட்டுக்கு மட்டும் விடவேண்டாம். சட்டத்தால் உமக்கு ஒரு தொந்தரவும் வராது. பேப்பர் சரியாக இருக்கிறது.’

தபால்பெட்டிக்குள் கையை விட்டுவிட்டுக் கார்டை விடாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் நின்ற ஒருவர், "என்ன ஸ்வாமி, கை மாட்டிண்டுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்சில் வருகிறேன். மேலே வரமாட்டேன், பயப்படாதே. நீ இறங்கி வருவதற்கு முன்னாலேயே அந்தப் பின்பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உன்னைத் தடுக்க எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்காரத் தெரியும். அதற்கு நீ கண்ணைத் திறக்கவேண்டும் என்று இல்லை.

அப்பா